பல்லி இல்லை

நள்ளிரவு ஒன்றரை மணிக்கு மேசைப் பக்கம் 'டிக்... டிக்...' பல்லி என்றுதான் நினைத்தேன்.

சுவரில் பல்லி இல்லை. சத்தம் லேப்டாப்பில், இடது உள்ளங்கை படும் இடத்துக்கு அடியிலிருந்து.

முதல் சந்தேகம் ஃபேன் மேல். ஆனால் ஃபேன் கெட்டால் பெரும்பாலும் ஒரே இழுப்பாக உறுமும். ஸ்குரூடிரைவர் முனையை அடிப்பக்கம் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டேன். (மெக்கானிக்குகள் இன்ஜினுக்குச் செய்வதுதான்.) மூன்று டிக், சின்ன இடைவெளி, மறுபடி மூன்று.

ஹார்ட் டிஸ்க்கேதான்.

உள்ளே தகடு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. அதன் மேல் சில நானோமீட்டர் உயரத்தில், பதிவுகளைப் படிக்கும் ஹெட் மிதக்கிறது. தடம் பிடிபடாவிட்டால் கிளம்பிய இடத்துக்கே திரும்பி, மறுபடி முயலும். அந்தப் போக்குவரத்துதான் டிக். சாவியைத் தொலைத்தவர் அறைக்கும் வாசலுக்கும் நடப்பதுபோல.

டிஸ்க்கில் பிழை தேடும் செக்டிஸ்க் புரோகிராமை ஓட்டலாமா என்று கை பரபரத்தது. ஓட்டவில்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது இன்னும் வதைக்கும். ஃப்ரீசரில் வைத்தால் பிழைக்கும் என்பதும் பழைய கதை, ஈரம்தான் கோத்துக்கொள்ளும்.

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பூச்சி அரித்த போட்டோக்கள் ஒரு சத்தமும் போட்டதில்லை. இது சொல்லிவிட்டாவது போகிறது.

அப்பாவின் குரல் பதிவுகளை மட்டும் முதலில் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு ஏற்றினேன். மொத்தம் 11 ஃபைல். ஒன்பதாவதில் டிக் நின்று, நீளமாக ஒரு மௌனம்.

அப்புறம் மறுபடி டிக். மூச்சு வந்தது, எனக்கும்.