150-ல் ஒன்று: இங்கிலாந்தில் கர்ப்பகால ஸ்கிரீனிங் முடிவைப் படிப்பது

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து கருவுற்றவர்களிடம் மிட்வைஃப் (பேறுகாலத்தைக் கவனிக்கும் செவிலியர்) ஆரம்பத்திலேயே கேட்பது: டவுன், எட்வர்ட்ஸ், பாட்டாவ் சிண்ட்ரோம்களுக்கு ஸ்கிரீனிங் வேண்டுமா? மூன்றும் குழந்தையின் செல்களில் ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வருபவை; ஸ்கிரீனிங் என்பது அவற்றுக்கான வாய்ப்பு எவ்வளவு என்று மட்டும் சொல்லும் சோதனை. ஊரில் டாக்டர் எழுதிக் கொடுத்தால் செய்துகொண்டு வருவோம். இங்கே அது முழுக்க உங்கள் விருப்பம். மூன்றுக்கும் பார்க்கச் சொல்லலாம், டவுனுக்கு மட்டும் அல்லது மற்ற இரண்டுக்கு மட்டும் பார்க்கச் சொல்லலாம், எதுவுமே வேண்டாம் என்றும் சொல்லலாம். வேண்டாம் என்றாலும் ஸ்கேன் உண்டு.

முதலில் வருவது கம்பைண்ட் டெஸ்ட். 11 வாரம் 2 நாளிலிருந்து 14 வாரம் 1 நாள் வரை செய்வார்கள். குழந்தையின் பின்கழுத்துத் தோலுக்கடியில் தேங்கியிருக்கும் நீரை ஸ்கேனில் அளப்பார்கள். தாயின் ரத்தத்தில் ஹெச்சிஜி என்ற ஹார்மோன், பாப்-ஏ என்ற புரதம் இரண்டின் அளவையும் பார்ப்பார்கள். இவற்றோடு தாயின் வயது, எடை, புகைப்பழக்கம், பூர்வீகம், ஐவிஎஃப் (செயற்கைக் கருத்தரிப்பு) விவரம் எல்லாம் கணக்கில் சேரும். படிவத்தில் தெற்காசியர் என்று குறிக்காமல் விட்டாலோ, பழைய எடையை எழுதினாலோ வரும் எண் பிசகும். தானமாகப் பெற்ற கருமுட்டை என்றால் கொடுத்தவரின் வயதுதான் வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயமல்ல இது.

14 வாரம் தாண்டி வந்து சேர்ந்தவர்களுக்கு, 20 வாரம் வரை குவாட்ரபிள் எனும் ரத்தப் பரிசோதனை உண்டு. அது டவுனுக்கு மட்டும்தான்.

முடிவைப் படிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பெரிய எண்ணைக் கண்டு பயப்படுகிறார்கள். 2000-ல் ஒன்று என்பது 20-ல் ஒன்றைவிட நூறு மடங்கு குறைவான வாய்ப்பு. 150-ல் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வாய்ப்பு (100-ல் ஒன்று, 20-ல் ஒன்று போல) என்றால் ‘அதிக வாய்ப்பு’ என்பார்கள். சரியாக 150-ல் ஒன்று வந்த 150 பேரை எடுத்துக்கொண்டால், 149 பேரின் குழந்தைகளுக்கு அந்த நிலை இருக்காது. 151-ல் ஒன்று என்று வந்தால் ‘குறைந்த வாய்ப்பு’. இல்லவே இல்லை என்று அதற்குப் பொருளில்லை. கடிதத்தைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுமுன் எண்ணை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். டவுனுக்கு ஓர் எண்ணும், எட்வர்ட்ஸ்-பாட்டாவ் இரண்டுக்கும் சேர்த்து இன்னோர் எண்ணும் இருக்கும்.

அதிக வாய்ப்பு என்று வந்தால் மூன்று வழிகள்: அதோடு நிறுத்திக்கொள்வது, என்ஐபிடி ரத்தப் பரிசோதனை, அல்லது நேரடியாக உறுதிப் பரிசோதனை. இங்கிலாந்தில் 2021 முதல் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். என்ஐபிடியை இந்த நிலையில் இலவசமாகத் தருகிறது. கம்பைண்ட் டெஸ்டைவிடத் துல்லியமானது என்றாலும் இதுவும் ஸ்கிரீனிங்தான். தாயின் ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ துணுக்குகளில் அது தேடுவது நஞ்சுக்கொடியிலிருந்து வந்தவற்றை; குழந்தையிடம் இல்லாத மாற்றம் நஞ்சுக்கொடியில் மட்டும் இருப்பதுண்டு. துணுக்குகள் போதாமல் முடிவே வராமலும் போகலாம். தாயின் உடல் எடை கூடுதலாக இருந்தால் இது அதிகம் நேரும். என்ஐபிடி முடிவை மட்டும் வைத்துக் கர்ப்பத்தைக் கலைக்கும் முடிவுக்குப் போகக் கூடாது.

உறுதி சொல்வது இரண்டே: 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து திசு எடுப்பது, 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீர் எடுப்பது. கருச்சிதைவு அபாயம் 200-ல் ஒன்றுக்கும் குறைவு. முதற்கட்ட முடிவு சுமார் மூன்று வேலை நாளில் வரும். முழு முடிவுக்கு இரண்டு வாரம் ஆகலாம். ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுப்பது) தேவையா என்று அன்றே கேளுங்கள்.

இந்தப் பேச்சுக்குக் கணவரையோ மாமியாரையோ மொழிபெயர்க்க விடாதீர்கள். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொன்னால் மருத்துவமனையே ஏற்பாடு செய்யும். அதற்குக் கட்டணமில்லை.