செம்பை விட்டுவிட்டுப் போகாதீர்கள்

மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டில் வைரத்தைத் தேடி ஓடும் அவசரத்தில் பலரும் செம்பைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு இது மனத்தாங்கலாகவே இருக்கிறது. 2021-இல் 1.17 பதிப்பில் வந்த நாளிலிருந்து எனக்குப் பிடித்த உலோகம் இதுதான்.

ஆழமாகத் தோண்ட வேண்டியதில்லை. உயரத்தைக் காட்டும் ஒய் மட்டம் 48-ஐ ஒட்டித் தேடினாலே தாராளமாகக் கிடைக்கும். சுண்ணாம்புக் கூம்புகள் தொங்கும் டிரிப்ஸ்டோன் குகை கண்ணில் பட்டால் விடாதீர்கள், அங்கே படிவுகள் இன்னும் பெரியவை. வெட்டியெடுக்கக் கல்லால் ஆன பிக்காக்ஸ் (குத்துக்கோடரி) போதும். ஒரு தாதுக் கட்டியிலிருந்து 2 முதல் 5 வரை கச்சாச் செம்பு உதிரும். உலையில் உருக்கினால் பாளம் தயார். மூன்று பாளங்களில் ஓர் இடிதாங்கி செய்யலாம். மர வீடு கட்டியவர்கள் முதலில் அதைச் செய்துவிடுங்கள்.

ஆனால் செம்பின் உண்மையான அழகு கூரையில்தான். புதிதாகப் பதித்த கட்டி ஆரஞ்சு நிறத்தில் மின்னும். பிறகு மெல்ல மங்கி, பச்சை படர்ந்து, நான்காம் நிலையில் முழுக்க நீலப்பச்சையாகிவிடும். பக்கத்துக் கட்டி புதிதாக இருந்தால் இதன் மாற்றமும் தாமதமாகும். அதனால்தான் பெரிய கூரை ஒரே சீராக மாறாமல் திட்டுத்திட்டாக நிறம் மாறுகிறது. அந்தத் திட்டுகளை அழிக்க எனக்கு மனம் வருவதே இல்லை. பிடித்த நிறம் வந்ததும் தேனடையால் மெழுகு பூசினால் அப்படியே நின்றுவிடும். மனம் மாறினால் கோடரியால் முதலில் மெழுகைச் சுரண்டுங்கள். அதன்பின் ஒவ்வொரு சுரண்டலுக்கும் ஒரு நிலை பின்னோக்கிப் போகும்.

உங்கள் கூரை இப்போது எந்த நிறத்தில் இருக்கிறது? படம் போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.