காட்பாடி ஆட்டோவும் 26 டிகிரியும்

காட்பாடி ஜங்ஷனில் இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர் பையைப் பிடுங்காத குறை. வேலூர் கோட்டையைக் காட்டிவிட்டு ஸ்ரீபுரம் தங்கக் கோயிலில் இறக்கிவிட 900 ரூபாய் கேட்டார். "இருபத்தஞ்சு கிலோமீட்டர் சார், கட்டுப்படியாகாது" என்று ஒரே போடு. நான் வைத்திருந்த பட்ஜெட்டே 1500. அப்புறம் சாப்பிட வேண்டாமா?

கூட வந்த அக்கா மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். "இருங்க மாமா" என்று போனில் மேப்பைத் திறந்து, ரயில் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். காட்பாடியிலிருந்து கோட்டை தெற்கே சுமார் 5.7 கிலோமீட்டர், மேற்கே 1. கோட்டையிலிருந்து ஸ்ரீபுரம் தெற்கே 5.3, மேற்கே 4.3. தூரமும் திசையும் சேர்ந்த இப்படிப்பட்ட அளவுதான் வெக்டர். இரண்டு வெக்டரையும் கூட்ட, தெற்கைத் தெற்கோடும் மேற்கை மேற்கோடும் சேர்த்தால் போதும்: தெற்கே 11, மேற்கே 5.3. இவை ஒன்றுக்கொன்று செங்குத்து, ஆகவே பிதாகரஸ். 121-ம் 28-ம் சேர்ந்து 149; வர்க்கமூலம் 12.2 கிலோமீட்டர். திசைக்கு 5.3-ஐ 11-ஆல் வகுத்தால் 0.48, அந்த டேன்ஜென்ட்டுக்குரிய கோணம் 26 டிகிரி. நேர் தெற்கிலிருந்து மேற்குப் பக்கமாக அவ்வளவு சாய வேண்டும்.

ஆட்டோக்காரர் அசரவில்லை. "தம்பி, ஆட்டோ என்ன காக்காவா, நேரா பறக்க?" நியாயம்தான். கிளம்பிய இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேர்கோட்டில் பார்க்கும் இடப்பெயர்ச்சி வேறு, சாலையில் கடக்கும் தொலைவு வேறு. பாலாற்றைப் பாலம் இருக்கிற இடத்தில்தானே தாண்ட முடியும்? அதற்காக 12 எப்படி 25 ஆகும்! பஸ் ஏறிவிட்டோம். மாறி மாறிப் போயும் ஆளுக்கு ஐம்பது ரூபாய் ஆகவில்லை.

கோட்டை, அகழி, 1806 சிப்பாய்ப் புரட்சி, ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளிகள் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வேண்டியது பிரியாணி. சீரகச் சம்பா, எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும் மட்டன், பக்கத்தில் புளிப்பாக எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய். இந்த மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது சும்மா இல்லை. ஆட்டோவில் மிச்சம் பிடித்த காசு இரண்டாவது பிளேட்டுக்குப் போனது.

ஸ்ரீபுரத்தில்தான் உண்மையான வெக்டர் பாடம். கோயிலைச் சுற்றி நட்சத்திர வடிவில் நடைபாதை, சுமார் 1.8 கிலோமீட்டர். ஒரு முனை வரை கூட்டிப்போய் அப்படியே திருப்பி உள்ளே இழுக்கிறது. பிறகு அடுத்த முனை. கிழக்கே நடந்ததை மேற்கே நடந்தது அடித்துவிடுகிறது, வடக்கைத் தெற்கு. கால் வலிதான் கூடிக்கொண்டே போகிறது, கோபுரம் கிட்டே வருகிற பாடில்லை. பிரியாணி தின்ற வயிற்றோடு அந்த வெயிலில் இது கொடுமை. சாயங்காலம் போங்கள், தங்கமும் விளக்கொளியில் அப்போதுதான் எடுபடும்.

செல்போனை உள்ளே விடமாட்டார்கள். கணக்குப் போடுகிற பிள்ளைகளைக் கூட்டிப்போனால் பேப்பரும் பேனாவும் கொடுத்து அனுப்புங்கள்.