ஃப்ரீமாண்ட் தெரு, கதவு எண் 1

லாஸ் வேகாஸ் என்றாலே எல்லோரும் பெரிய கேசினோக்கள் வரிசைகட்டி நிற்கும் ஸ்ட்ரிப் சாலைப் பக்கம்தான் ஓடுகிறார்கள். எனக்குப் பிடித்தது டவுன்டவுனில் இருக்கும் கோல்டன் கேட் என்ற பழைய கேசினோ ஹோட்டல். 1905 நில ஏலத்தில் ஜான் மில்லர் 1,750 டாலருக்கு வாங்கிய மனை அது. 1906-இல் அங்கே ஹோட்டல் நெவாடாவைத் திறந்தார். பத்துக்குப் பத்தடி அறை, நாள் வாடகை ஒரு டாலர். ஊரின் முதல் தொலைபேசி 1907-இல் இங்கேதான் வந்தது. அதன் எண்ணும் 1.

அப்புறம் சூதாட்டத்துக்கே நெவாடா மாநிலத்தில் தடை. 1931-இல்தான் விலகியது.

1959-இல் இங்கே இறால் காக்டெய்ல் அறிமுகமானபோது விலை 50 சென்ட்தான்! கண்ணாடிக் கிண்ணம் நிறையக் குட்டி இறால், மேலே காரமான சிவப்பு சாஸ், ஓர் எலுமிச்சைத் துண்டு. 2017-இல் நிறுத்திவிட்டார்கள், பெரிய இழப்புதான். பழைய ஹோட்டல்களை வெடிவைத்துத் தகர்த்து, அதையே வேடிக்கை பார்க்கும் ஊர் அது. அங்கே இந்தக் கட்டடத்தை இத்தனை காலம் விட்டுவைத்தவர்களுக்கு மனசார நன்றி.