மாடி வீட்டு சாயங்காலம்

எங்கள் மாடி போர்ஷனை யாருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்பது கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவுக்கே தெரியும். குடிநோய்க்கு மறுவாழ்வு மையத்தில் தங்கிச் சிகிச்சை எடுத்துவிட்டு, நேரே வீட்டுக்குப் போகப் பயப்படுகிற ஆண்கள் ஐந்தாறு பேர் அங்கே சேர்ந்திருக்கிறார்கள். வாடகையையும் அரிசி பருப்புச் செலவையும் அவர்களே பிரித்துக்கொள்கிறார்கள். போர்டு கிடையாது, சிகிச்சையும் கிடையாது. நான் வெறும் வீட்டுக்காரம்மா. அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள் என்பதால் சிஸ்டரம்மா என்று கூப்பிடுகிறார்கள்.

வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். குடியைத் திடீரென நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும். சிலருக்கு ஃபிட்ஸ் வரும். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிலர் சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், பெற்ற தாயையே யாரென்று கேட்பார்கள். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது, வீட்டில் வைத்துச் சமாளிக்கக் கூடாது. ஆனால் அது தாண்டியதுமே, "ஆள் தெளிஞ்சிட்டான், கூட்டிட்டுப் போறோம்" என்று சொந்தக்காரர்கள் பையோடு வந்து நின்றுவிடுவார்கள். என்னைக் கேட்டால் வேலை அப்போதுதான் ஆரம்பமாகிறது.

மையத்தில் சாயங்காலம் என்று ஒன்று இல்லை. கேட் பூட்டியிருக்கும், பெல் அடித்தால் சாப்பாடு, பையில் காசு இருக்காது. வெளியே வந்தால் கூலி கையில் இருக்கும், போனில் பழைய கூட்டாளியின் நம்பர் இருக்கும், மச்சான் வீட்டில் கெடா வெட்டு இருக்கும். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. வேலைக்குப் போகிறவனுக்கு அதில் ஆறிலிருந்து பத்து வரைதான் கண்டம். அந்த நாலு மணி நேரத்தைப் பற்றி மையத்தில் வகுப்பு எடுக்கலாம். பழகுவதற்கு ஒரு வீடு வேண்டும்.

(1937 அக்டோபரில் ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது அதற்குள்தான். அவர் பிறந்த தொரப்பள்ளியும் ஓசூர் பக்கம்தானே. அதே ஊர்களில் 2003 முதல் சில்லறை மதுக்கடையை அரசாங்கமே நடத்துகிறது. சரி, அது வேறு கதை.)

மாடியில் முதலில் வருபவர் கிரானைட் பாலிஷ் பட்டறைக்காரர். குளித்துவிட்டு டீ போடுவார், சர்க்கரையை அள்ளிக் கொட்டுவார். குடியை விட்டவர்கள் பலருக்கு இனிப்பு ஆசை வந்துவிடுகிறது. கடலை மிட்டாய் டப்பா அங்கே நிற்பதே இல்லை. நான் ஒன்றும் சொல்வதில்லை, சர்க்கரை வியாதி இருப்பவரைத் தவிர. அப்புறம் களி. ராகி மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டி, ஒருவர் பாத்திரத்தைப் பிடிக்க இன்னொருவர் துடுப்பால் கிண்ட வேண்டும். கட்டி தட்டினால் சண்டை. கீரைக் கடைசலில் உப்பு போதவில்லை என்று இன்னொரு சண்டை. ஏழரைக்குள் எல்லார் வயிறும் நிறைந்திருக்கும். வெறும் வயிறு, கோபம், தனிமை, அசதி, இந்த நாலில் ஒன்று வந்தால் குடி நினைப்பும் கூடவே வரும் என்று ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற அமைப்பு) கூட்டங்களுக்குப் போகிறவர்கள் சொல்வார்கள். களிச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தால் நாலில் குறைந்தது இரண்டு போய்விடுகிறது. கோபத்துக்கு நான் பொறுப்பில்லை.

பத்து மணிக்கு மாடிக் கதவை உள்ளே பூட்டி, சாவியை ஆணியில் மாட்டுகிறார்கள். எவர் வேண்டுமானாலும் எடுத்துத் திறந்து போகலாம். அடைத்து வைத்து அடித்தால் திருந்திவிடுவான் என்று நம்புகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அப்படி ஓர் இடத்திலிருந்து முதுகில் தழும்போடு வந்தவரைப் பார்த்த பிறகு நான் போட்ட ஒரே கண்டிஷன் இந்தச் சாவி. 2017ஆம் வருட மனநலச் சட்டத்தில் குடியால் வரும் மனநலக் கோளாறுகளும் அடக்கம். அடிக்க யாருக்கும் உரிமை இல்லை.

சனிக்கிழமை கூலி நாள். லாரி ஓட்டியவர் இப்போது உள்ளூர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், காசு நேரே மனைவியின் கணக்குக்குப் போய்விடும். டீக்காசுகூட அந்த அம்மாவிடம் கேட்டுத்தான் வாங்குகிறார். ஆரம்பத்தில் அவருக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. இப்போது மனைவியோடு பேச அது ஒரு சாக்கு.

டாக்டர் எழுதிக் கொடுத்து, தெரிந்தே டைசல்ஃபிராம் சாப்பிடுகிறவரும் உண்டு. அந்த மாத்திரையோடு குடித்தால் முகம் சிவந்து, தலை வெடிக்கிற மாதிரி வலித்து, வாந்தியும் படபடப்புமாக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் இருக்கலாம். அவருடைய அம்மா மகனுக்குப் பசி எடுக்கட்டும் என்று பாசமாக ஒரு பாட்டில் தசமூலாரிஷ்டம் கொண்டுவந்தார். அரிஷ்டம் புளிக்க வைத்துச் செய்வது, அதில் ஆல்கஹால் உண்டு. படியிலேயே வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு என்மேல் வருத்தம். இருமல் டானிக் வாங்கினாலும் லேபிளைக் காட்டச் சொல்கிறேன்.

காவேரிப்பட்டணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் குடித்துவிட்டு வந்தார். மற்றவர்கள் திட்டவில்லை. இரவு மாறி மாறிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், காலையில் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். பக்கத்து வீட்டம்மாதான், "குடிகாரங்களை வெச்சிருக்கீங்களே, எங்க வீட்ல பொண்ணு இருக்குல்ல" என்று சத்தம் போட்டார். அவர் பயம் நியாயம்தான், நானும் பெண் பெற்றவள். அவர் வீட்டுக்காரர் தினமும் எங்கே போய் வருகிறார் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. வாய் வரை வந்தது.

யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு, 14446 போதை மீட்புக்கான இலவச தேசிய உதவி எண்.

இப்போது மாடியில் ஓடுகிற வாக்குவாதம் மாம்பழக் கூழ் கம்பெனிக்குப் போகிறவரைப் பற்றி. சீசனில் சாயங்கால ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள், "ஆறுல இருந்து பத்து வரைக்கும் பெங்களூரா மாங்காயோடவே போயிடுது சிஸ்டரம்மா" என்று அவருக்குச் சந்தோஷம். சீசன் முடிந்தால் என்ன செய்வாய் என்று லாரிக்காரர் விடாமல் கேட்கிறார். பாலக்கோட்டுப் பக்கம் லாரிக்காரரின் ஊர் பால் சொசைட்டியில் சாயங்கால அளவைக்கு ஆள் தேவையாம். அவர் மனைவி விசாரித்துக்கொண்டிருக்கிறார்.