புற்றுக்காளானும் ஊதாத் தவளையும்

கம்பம்மெட்டு வழியாக கேரளத்து இடுக்கிக்கு ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வரும் அக்காமாரைக் கேட்டால், எந்தப் புற்றில் எந்த மழைக்குக் காளான் வரும் என்று சரியாகச் சொல்வார்கள். அதே இடுக்கி மண்ணுக்குள் கிடக்கிற ஊதாத் தவளையை யாரும் அவ்வளவாகப் பார்த்ததில்லை. இரண்டையும் ஏன் சேர்த்துப் பேசுகிறேன் என்றால், இரண்டுமே கரையானை நம்பிப் பிழைக்கிறவை.

காளானைக் கரையானே பயிர் செய்கிறது. காய்ந்த இலையையும் மரத்தையும் மென்று தின்று, அந்தக் கழிவை வைத்துப் புற்றுக்குள் ஒரு பாத்தி கட்டும், அதில் பூஞ்சை படரும், கரையானால் செரிக்க முடியாத மரச்சத்தை அது மக்கவைத்துக் கொடுக்கும், பிறகு கரையான் அதைத் தின்னும். மழை ஊறியதும் பாத்தியிலிருந்து வேர் மாதிரி நீண்ட தண்டு மண்ணைத் துளைத்து மேலே வந்து குடை விரிக்கிறது. இடி இடித்தால் காளான் என்பார்கள், எனக்கென்னவோ ஈரம்தான் காரணம் என்று படுகிறது. கரையான் இல்லாமல் இதை வளர்த்து விற்க வழியில்லை, அதனால்தான் சிப்பிக்காளான் கிடைக்கிற கடையில் இது கிடைப்பதில்லை.

தவளை அப்படியில்லை. கரையானைத் தின்னும், பதிலுக்கு ஒன்றும் தராது! உப்பிய உடம்பு, கூர்மூக்கு, பார்த்தால் தேரை என்றுதான் நினைப்பீர்கள். பிஜு, பொஸ்யூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-ல்தான் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள், நெருங்கிய சொந்தமெல்லாம் கடல் தாண்டி சீஷெல்ஸ் தீவுகளில். வருடம் முழுக்க மண்ணுக்குள் இருந்துவிட்டு, பருவமழை தொடங்குகிற சமயத்தில் சில நாள் மட்டும் வெளியே வந்து ஓடையில் முட்டையிட்டுவிட்டு இறங்கிவிடும், ஓணத்துக்கு வருடம் ஒருமுறை வந்துபோகும் மகாபலி மாதிரி என்று கேரளத்தில் மகாபலித் தவளை என்றும் சொல்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் நம் பக்கத்துக் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டில் இருப்பது தனி இனம் என்று 2017-ல் பிரித்து, ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

பிழைக்கத் தெரிந்தது எது என்றால் என் ஓட்டு காளானுக்குத்தான். தவளையையும் தின்கிறவர்கள் உண்டு, ஓடைப் பாறையில் வாயால் ஒட்டிக்கிடக்கும் தலைப்பிரட்டைகளைப் பிடித்துச் சமைப்பார்கள். காளானைப் பறித்தாலும் கீழே பாத்தி அப்படியே இருக்கும், அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். தலைப்பிரட்டையை அள்ளிவிட்டால் அந்த ஓடையில் அந்த வருடத்துக் குஞ்சு அவ்வளவுதான்.