'நான் வருது'

சென்ற ஆண்டு எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டியபோது, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் 5 மாதம் சித்தாளாக வேலை செய்தார். "நான் நாளைக்கு வருது அக்கா", "நேத்து மேஸ்திரி வருது", "நான் இப்ப செங்கல் கொண்டு வருது" என்று எல்லா இடத்திலும், எல்லாக் காலத்திலும் அவருக்கு 'வருது' என்ற ஒரே வினைமுற்றுதான். தெருவில் பலரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். மொழியியல் படித்த எனக்கு அந்தச் சிரிப்பில் சேர மனம் வரவில்லை.

தாய்மொழிப் பழக்கமே இரண்டாம் மொழியில் பிழையாக வெளிப்படுகிறது என்ற கருத்து நெடுநாள் செல்வாக்கோடு இருந்தது. இரு மொழிகளின் அமைப்பையும் ஒப்பிட்டால் மாணவர் எங்கே தடுமாறுவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று 1957இல் அமெரிக்க மொழியியலாளர் ராபர்ட் லாடோ எழுதினார். ஆனால் இந்தியில் தன்மைக்கு 'ஹூம்', படர்க்கைக்கு 'ஹை' என வினை மாறத்தான் செய்கிறது. தம் மொழியில் நாள்தோறும் செய்யும் ஒன்றை அந்த இளைஞர் தமிழில் ஏன் விட்டுவிட்டார் என்பதற்கு லாடோவிடம் விடை கிடைக்காது.

விடைக்கு அருகில் வந்தவர்கள் மொழியியலாளர்கள் வுல்ஃப்காங் க்ளைனும் கிளைவ் பெர்டியூவும் என்பது என் எண்ணம். 1980களில் ஐரோப்பாவின் 5 நாடுகளில், பஞ்சாபி, துருக்கி, அரபு முதலிய மொழிகளைப் பேசிய 40 புலம்பெயர்ந்தோர், பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியே புது மொழியைக் கற்றுக்கொண்ட விதத்தை இவர்கள் இருந்த ஓர் ஆய்வுக் குழு ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தது. எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு வந்தாலும், அவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் ஏறத்தாழ ஒரே மாதிரியான எளிய மொழியை உருவாக்கிக்கொண்டார்கள் என்று இருவரும் 1997இல் எழுதினார்கள். அதில் வினைக்கு ஒரே வடிவம். காலத்தை 'நேற்று', 'நாளை' போன்ற சொற்கள் சுமக்கும். மூன்றில் ஒரு பங்கினர் அந்தக் கட்டத்திலேயே நின்றுவிட்டார்கள். சொற்கள் பெருகினவே தவிர இலக்கணம் வளரவில்லை. 'நேத்து மேஸ்திரி வருது' அந்த ஒழுங்கிலேயே அமைந்த வாக்கியம். லாரி வருது, தண்ணி வருது, கரண்ட் வருது, மழை வருது என்று கட்டுமான இடத்தில் ஓயாமல் காதில் விழுவதும் அந்தச் சொல்தான்.

ஏன் சிலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்? அமெரிக்காவில் ஆல்பர்ட்டோ என்ற பெயரில் குறிப்பிடப்படும் 33 வயது கோஸ்டா ரிக்கா நாட்டவரை 10 மாதம் கவனித்த ஜான் ஷூமன், ஆங்கிலம் பேசும் சமூகத்திலிருந்து அவர் விலகி இருந்ததே காரணம் என்று 1978இல் வாதிட்டார். ஆனால் ஹொனலூலுவில் வாழ்ந்த வெஸ் என்ற ஜப்பானிய ஓவியர் ஆங்கிலம் பேசுவோருடன் நன்கு கலந்து பழகியவர், உரையாடலில் வல்லவர், ஆனாலும் அவருடைய இலக்கணம் பெரிதாக முன்னேறவில்லை என்று 1983இல் ரிச்சர்ட் ஷ்மிட் காட்டினார். புரியும்படியான பேச்சைப் போதிய அளவு கேட்டாலே மொழி தானாக வந்துவிடும் என்ற ஸ்டீவன் கிராஷனின் புகழ்பெற்ற கொள்கையும் வெஸ்ஸிடம் தடுக்கி நிற்கிறது. ஷ்மிட், பிரேசிலில் தாமே போர்த்துக்கீசியம் கற்ற 5 மாதங்களில் நாட்குறிப்பு எழுதினார்; தம் பேச்சையும் பதிவு செய்து ஒப்பிட்டார். பிறர் பேச்சில் ஒரு வடிவத்தைத் தாம் கவனித்த பிறகே அது பெரும்பாலும் தம் வாயில் வந்தது என்று கண்டார். கவனித்தல் இன்றிக் கற்றல் இல்லை என்ற அவருடைய கொள்கை அங்கிருந்து பிறந்தது.

இதைப் படித்திருந்தும், நானும் வீட்டாரும் அந்த இளைஞரிடம் எப்படிப் பேசினோம் என்பதை வெகுநாள் கழித்தே உணர்ந்தேன். "நீ நாளைக்கு வருதா?", "செங்கல் மேல, சீக்கிரம்" என்று அவருக்காகவே உடைந்த தமிழ் ஒன்றை வைத்திருந்தோம். அயலாரிடம் இப்படி மொழியைச் சிதைத்துப் பேசும் வழக்கத்தை மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1970களிலேயே விவரித்திருக்கிறார். நாங்களே 'வருதா' என்று கேட்டால், கவனிப்பதற்கு அவருக்கு என்ன இருக்கும்? அன்று முதல் "நாளைக்கு எப்ப வர்றீங்க?" என்று முழுதாகக் கேட்கத் தொடங்கினேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் மாலை, வழக்கம்போல "போயிட்டு வர்றேன் அக்கா" என்றவர் படியில் நின்றுவிட்டார். முதல் வாரத்திலிருந்தே பிழையின்றிச் சொல்லிவந்த தொடர் அது. அவருக்கு அது மொத்தமாக ஒரே சொல். "அக்கா, போயிட்டு வர்றேன்... அந்த வர்றேன், நான் வர்றேன், ஒண்ணுதானா?" என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். மறுநாளிலிருந்து 'வர்றேன்' வந்தது, சில நாளில் 'போறேன்', 'சாப்பிடுறேன்' வந்தன. இறந்தகாலம் மட்டும் வேலை முடிந்து அவர் கிளம்பும்வரை வரவில்லை. "நேத்து நான் வர்றேன் அக்கா, நீங்க வீட்ல இல்ல" என்றுதான் கடைசி வாரத்திலும் சொன்னார்.